பெனினாவின் முப்பத்தேழு அண்ணன்கள்

வாக்குப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெனினா சமூகக்கூடத்தின் பின்வாசல் வழியாக வெளியே ஓடியபோது மணி எட்டரை. வாக்குப்பதிவு தொடங்கி அரை மணிதான் ஆகியிருந்தது. அதற்குள் இது ஐந்தாவது ஓட்டம்.

காரணம், அண்ணன்கள்.

எங்கள் தீவில் வளர்ந்த பெண், அண்ணன் முறை உள்ளவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. பேசவும் கூடாது. அவன் முன்வாசலில் வந்தால் அவள் பின்வாசலில் போய்விட வேண்டும். கூடப் பிறந்தவன் மட்டுமல்ல, சித்தப்பா மகன், பெரியம்மா மகன், இங்கே அத்தை மகன்கூட, அவர்கள் வழியில் வந்தவன் எல்லாம் அண்ணன்தான். யார் எந்த வழியில் என்று யாருக்கும் முழுதாக நினைவிருக்காது; ஒருவன் முறை சொன்னால் ஒதுங்கிவிடுவதுதான் மரியாதை. இருநூற்றுச் சொச்சம் ஓட்டு உள்ள இந்த இடத்துக்கு ஒரு பெண்ணை, பள்ளிக்கூட டீச்சர் பெனினாவைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டவர் தலைநகர் ஃபூனாஃபூட்டியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒன்று எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர், இல்லை நன்றாகத் தெரிந்த எதிரி.

முதல் தடவை பெனினா பெட்டியைக் கூடத்திலேயே விட்டுவிட்டுத்தான் போனாள். வேட்பாளர் ஒருவரின் முகவரான தோமாசி சட்டப் புத்தகத்தோடு எழுந்துவிட்டார்.

"டீச்சர், அதிகாரி பெட்டிய விட்டுப் பிரியக் கூடாது. பதினாலாவது பக்கம்."

"அண்ணன் வர்றாரே, நான் என்ன பண்ண?"

"பெட்டியையும் கூட்டிட்டுப் போங்க."

போனாள். உள்ளே போலீஸ்காரர் மனாசே சீட்டைக் கொடுத்தார். தீவுக்கே ஒரே போலீஸ்காரர் அவர். அண்ணன் முறை சொல்லி வந்த குண்டு லோட்டோ சீட்டில் குறி போட்டு, மடித்து, சுற்றும் முற்றும் பார்த்தான்.

"பெட்டி எங்க?"

"வெளிய, டீச்சர்கிட்ட."

"நான் டீச்சர் பக்கத்துல போகக் கூடாதே!"

"அப்ப அடுத்த தேர்தல் வரைக்கும் அதக் கையிலயே வச்சுக்கிட்டு நில்லு."

கடைசியில், ஈரப்பலா மரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு பெனினா இருபது தப்படி தள்ளி நிற்பது, அவன் ஓடிவந்து போட்டுவிட்டு ஓடிப்போவது என்று ஏற்பாடானது. இருபது தப்படி என்பது பிரிவா இல்லையா என்று தோமாசி கால் மணி நேரம் யோசித்தார்.

இதில் பெனினாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவளுடைய சொந்த அண்ணன் செமு, சர்க்கரை வியாதியில் கால் அழுகி, ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். ரேடியோவில் பேசிய டாக்டர், இன்றைக்கே தலைநகருக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பவளப் பாறைக்கு வெளியே நிற்கும் கப்பல் வாக்குப்பெட்டியை எடுத்துப்போக வந்தது. தண்ணீர் ஏறும் நாலு மணிக்குத்தான் படகு பாறையைத் தாண்ட முடியும். ஒரே ஒரு நடை. பெட்டி வந்தால்தான் படகு. படகு போனால்தான் செமு. அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம்.

மூன்று வேட்பாளர்களும் தீவுக்கு டாக்டர் கொண்டுவருவதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். போன தேர்தலிலும் அதே வாக்குத்தான். அந்த டாக்டர் வந்தார். மூன்று நாள் வாந்தி எடுத்தார். அதே கப்பலில் போய்விட்டார்.

பத்து மணிக்கு பெனினா கூடத்தின் நடுவே தாழம்பாயைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தாள். அடுத்து வந்த அண்ணன் ஏலியா வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மனாசே, டீச்சர் மூச்சு விடறது கேக்குது. தப்பு."

பாய் இறங்கியது. அடுத்து, வெளித்தீவிலிருந்து வந்த பாதிரியாரின் மனைவியைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த அம்மாளுக்கு இங்கே ஒரு அண்ணனும் கிடையாது. ஒரு முகமும் தெரியாது.

"லோட்டோ ஓட்டுப் போட்டாச்சேப்பா?"

"அது குண்டு லோட்டோம்மா. நான் ஒல்லி லோட்டோ."

"நீதான் அவனவிடக் குண்டா இருக்க!"

"பேரு வச்சப்ப ஒல்லி."

இதைத் தீர்க்க முக்கால் மணி நேரம் போனது. தோமாசி மூன்று முறை ஆட்சேபம் எழுதினார்.

மதியம் பெனினாவுக்கே நல்ல யோசனை வந்தது. "மனாசே, அண்ணன்மார் எல்லாரையும் ஒண்ணா வரச் சொல்லுங்க. ஒரே தடவ வெளிய போறேன். அரை மணில முடிஞ்சுடும்."

மனாசே போனார். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

"முடியாதாம் டீச்சர். ஒருத்தன் கள்ளு இறக்கப் போகணுமாம். ஒருத்தன் பன்னிக்குத் தீனி வைக்கணுமாம். ஒவ்வொருத்தனா வருவாங்களாம்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவங்க தாமசம் பண்ற ஒவ்வொரு நிமிஷமும் எங்க அண்ணன் உயிரு."

மறுபடி போனார், திரும்பினார். "ரொம்ப வருத்தப்பட்டாங்க டீச்சர். ஆனா ஒவ்வொருத்தனாத்தான் வருவாங்களாம்."

பெனினா பெட்டியோடு மரத்தடிக்குப் போனாள். மனாசே அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார். அவள் அதைக் கடல் பக்கம் திருப்பினாள். அவர் வந்து படகுக் கொட்டகைப் பக்கம் திருப்பிவைத்தார்.

"வெயில் கண்ணுல அடிக்கும் டீச்சர்."

கொட்டகையில் ஓலைத் தட்டிகள் இறக்கிவிடப்பட்டிருந்தன. செவிலி லோசா இளநீரோடு உள்ளே போய் வெறுங்கையோடு வந்தாள்.

"உள்ள யாரு?"

"வல பிரிக்கிறாங்க."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"மருந்தகத்துல படுத்திருக்காரு. மூணரைக்குத் தூக்கிட்டு வருவாங்க," என்றாள் லோசா, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு மணிக்கு ஏலியாவின் தம்பி சீட்டோடு ஓடிவருகையில் தடுக்கி விழுந்தான். அவன் தீனி வைக்க மறந்த பன்றி எங்கிருந்தோ வந்து சீட்டைக் கவ்விக்கொண்டது. அவனும் தோமாசியும் துரத்தினார்கள். "ரகசிய வாக்கெடுப்பு! ரகசியம்!" என்று தோமாசி கத்திக்கொண்டே ஓடினார். பன்றி ரகசியத்தை விழுங்கிவிட்டது.

பெனினாவுக்குத் தாங்கவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொட்டகைக்குள்ளிருந்தும் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி நின்றது. வலை பிரிப்பவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கடைசி அண்ணன் ஓட்டுப் போட்டான். பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். செமுவைப் பாயோடு தூக்கிவரும் சத்தம் கேட்டதும் பெனினா முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரிதான் பெட்டியோடு கப்பல்வரை போக வேண்டும். ஆனால் அண்ணன் இருக்கும் படகில் தங்கை ஏற முடியாது. அவள் பெட்டியை மனாசேயிடம் நீட்டினாள்.

தோமாசி புத்தகத்தைத் திறந்தார். படகில் ஏற்றப்படும் பாயைப் பார்த்தார். "பக்கம் ஒட்டிக்கிச்சு," என்று மூடிவிட்டார்.

படகு பாறையைத் தாண்டிய பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. பாயில் கிடந்த உருவம் தலையைக் கரைப் பக்கம் வைத்திருந்தது. இந்தக் கரையிலிருந்து இப்படிப் போன நாலு பேரில் மூன்று பேர் மரப்பெட்டியில்தான் திரும்பியிருக்கிறார்கள். செமுவும் அந்தக் கணக்கை அறிந்தவன்.

கையிலிருந்த வாக்காளர் பட்டியலை அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்று அவளை வெளியே ஓடவைத்தவர்கள் முப்பத்தேழு பேர். எந்த வழியில் உறவைச் சுற்றினாலும் இருபத்திரண்டுக்கு மேல் அண்ணன் வரவில்லை.

குண்டு லோட்டோ முழங்கால் தண்ணீரில் நின்று, போகும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெனினாவுக்குக் கோபத்தில் முறையெல்லாம் மறந்துவிட்டது. நேராக அவனிடமே போனாள்.

"எங்க அண்ணனுக்குப் படகு கொஞ்சத்துல தவறிப்போயிருக்கும், தெரியுமா? நீங்க எனக்கு எந்த வழில அண்ணன்?"

லோட்டோ ஒதுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான்:

"எந்த வழிலயும் இல்ல டீச்சர்; செமு காலையிலருந்து அந்தக் கொட்டகைலதான் படுத்திருந்தான், 'போறதுக்கு முன்னாடி தங்கச்சிய நல்லாப் பாத்துக்கறேன்டா, ஆளுக்கு ஒரு தரம் அவள வெளிய அனுப்புங்க'ன்னு கேட்டுக்கிட்டான்."