ரீஸ்டார்ட் டீச்சரும் தலைகீழ் ஜீப்பும்

ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே நின்றுபோன எந்தப் பொருளையும் இரண்டே நிமிடத்தில் ஓடவைக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ரீஸ்டார்ட் டீச்சர்தான். ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காமல் விடத் தெரியாத ஒரே ஆளும் அவர்தான்.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர், அவர் அறிவியல். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." மின்விசிறிக்கும் அதுதான், தண்ணீர் மோட்டாருக்கும் அதுதான். ஒருநாள் எங்கள் எச்.எம். ஆசிரியர் அறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் குறுக்கே புகுந்து, "சார், ஒரு நிமிசம் கண்ண மூடிட்டுத் தொறங்க" என்றார். மனிதர் மூடித் திறந்தார். எதற்காகக் கத்தினோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

டீச்சர் வருவதற்கு முன்பே பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் வந்திருந்தது. எச்.எம். அதை பீரோவில் வைத்துப் பூட்டி, ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனப் பொட்டு வைப்பார். டீச்சர் வந்த முதல் வாரமே சாவியைக் கேட்டார்.

"வெளிய எடுத்தா கெட்டுப்போயிடுங்க டீச்சர்."

"உள்ள இருந்தாலும் கெட்டுப்போகும் சார். நாலு பாடம் சொல்லிக்குடுத்துட்டுக் கெடட்டுமே."

புரொஜெக்டர் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிபோனது. சன்னல்களை அடைக்க, யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அடித்த ஃபிளெக்ஸ் பேனர்களை வாங்கிவந்து திருப்பிப்போட்டு ஆணி அடித்தார். ஓசூர் செல்போன் கடைகளில் கண்ணாடி உடைந்த போன்களைக் கேட்டு வாங்கிவந்து உயிர் கொடுத்தார். அதில் ஒன்று சத்தத்தை அளக்கும். ஒலி பற்றிய பாடத்துக்காகப் பிள்ளைகள் அதை ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் வைத்து அளந்து, எந்த ஆசிரியருக்கு எவ்வளவு குரல் என்று சுவரில் வரைபடம் ஒட்டிவிட்டார்கள். எல்லோருடைய கோடும் இடுப்பளவு. என்னுடையது தாளைத் தாண்டி இன்னொரு தாளில் ஏறியிருந்தது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ரோட்டுல போன லாரி ஹாரனுக்கும் உங்க செய்யுளுக்கும் நூலளவுதான் வித்தியாசம்" என்றார் டீச்சர்.

ஒரு வாரம் கோபத்தில் கிசுகிசுத்தே பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சு சுகமாகத் தூங்கியது.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைகள் மாறி மாறி லீவு போட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் வயிற்றுவலி. பத்து நாள் கழித்து வந்த மஞ்சுளா என்ற பெண் பாதியாகியிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. மகளைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டதில் அந்த வேலையே ஆட்டம் கண்டிருந்தது. மறுநாள் டீச்சர் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பாட்டில் மொண்டுவந்தார்.

லேசர் விளக்கு ஒன்றை உடைத்து அதற்குள்ளிருந்த குட்டி லென்ஸை எடுத்துத் தன் கொண்டை ஊசியில் செருகி, போன் கேமரா மேல் ஒட்டினார். அதுதான் மைக்ராஸ்கோப். கீழே ஒரு சொட்டுத் தண்ணீர். போனைப் புரொஜெக்டரோடு இணைத்ததும், சானமாவு காட்டு யானை சுவரேறி வந்ததுபோல ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போனது. அதன் பின்னால் ஒரு குடும்பமே போனது.

எங்கள் வகுப்பில் வீட்டுக்கு ஒரு மொழி. பயம் வந்தால் அவரவர் மொழி வெளியே வந்துவிடும். "ஏ, நோடோ!" என்று, பாருடா என்பதைக் கன்னடத்தில் ஒருவன் கத்தினான். "புருகுலு! புருகுலு!" என்று, புழுக்களைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு ஒருத்தி பெஞ்சு மேல் ஏறிவிட்டாள். "இதையா மிஸ் நாங்க குடிச்சோம்?" என்று தமிழில் மஞ்சுளா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

மதியத்துக்குள் பள்ளியில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. எச்.எம். ஓடிவந்தார்.

"மொதல்ல அந்தப் படத்த நிறுத்துங்க டீச்சர்!"

"நிறுத்திட்டேன் சார். தொட்டில இருக்கறத யாரு நிறுத்தறது?"

இரண்டு நாளில் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். ஆனால் அதைக் கழுவும் பொறுப்பை எடுத்து, வெகுகாலமாகக் கழுவாமலே இருந்தவர் ஊரில் செல்வாக்கான மனிதர். அவர் மேலிடத்துக்கு ஒரு மனு போட்டார். டீச்சர் பாடம் நடத்துவதில்லை, செல்போனில் படம் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார், எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய வேண்டும் என்று. விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

டீச்சர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். "மெமோ குடுத்தா வாங்கிக்கறேனுங்க ஐயா. போனெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா பசங்களுக்கு எதக் காட்டுவேன்?" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து, ஒளியைப் பற்றி ஒரு பாடம் தயாரித்தார். வண்ணப் படம், வீடியோ, கேள்விக்குப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பதில் சொல்லும் ஏற்பாடு எல்லாம் இருந்தது. அதிகாரி மயங்கி விழுந்துவிடுவார் என்று நான்கூட நினைத்தேன்.

அதிகாரியின் ஜீப் வந்து வகுப்புச் சன்னலுக்கு எதிரே, எச்.எம். வளர்த்த கொய்யா மரத்தடியில் நின்றது. அவர் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார். எச்.எம்.மும் நானும் மூலையில் நின்றுகொண்டோம். புரொஜெக்டர் கண் திறந்தது. கரன்ட் போனது.

இருட்டில் நாற்பது குரல்கள் ஒன்றாகக் கேட்டன: "ரீஸ்டார்ட் மிஸ்!"

"இத ஆஃப் பண்ணது நான் இல்லடா" என்றார் டீச்சர்.

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. "அப்போ பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களா டீச்சர்?"

டீச்சர் தடவித் தடவிச் சன்னல் பக்கம் போனார். பிறகு, "மஞ்சுளா, உன் ஜாமெட்ரி பாக்ஸ குடு" என்றார். காம்பஸ் முள்ளால் சன்னல் ஃபிளெக்ஸைக் குத்தி, பென்சிலை விட்டுத் திருகி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். "எல்லாரும் எதிர்ச் சுவரப் பாருங்க. கண்ணு பழகட்டும்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் வெளியுலகம் தெரிந்தது. அப்படியே கலரில், தலைகீழாக. வானம் கீழே, தரை மேலே, அதில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு அதிகாரியின் ஜீப்.

"ஏன் தலகீழா இருக்குது? யாரு சொல்றீங்க?" என்றார் அதிகாரி. குரலில் அலுப்பு போயிருந்தது.

மஞ்சுளா எழுந்தாள். "வெளிச்சம் நேராத்தான் வருமுங்க சார். ஜீப்பு மேலருந்து வர்றது ஓட்டைக்குள்ள பூந்து கீழ போயிடும். கீழருந்து வர்றது மேல போயிடும். அதானுங்க."

அப்போது சுவரில் ஒரு மனிதர் தலைகீழாக நடந்து வந்து, தலைகீழ் மரத்தை எட்டிப் பிடித்தார்.

"அது என் டிரைவர்தானே? என்ன பண்றான்?"

"எச்.எம். சாரோட கொய்யாவப் பறிக்கறாருங்க சார்" என்றது வகுப்பு.

பறித்ததில் ஒன்று அவர் கைநழுவி, வேகமாக மேல் நோக்கி விழுந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இருட்டின் மூலையிலிருந்து எச்.எம்., "பரவால்ல சார், ரெண்டு எடுத்துக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். "பயன்படுத்திய தொழில்நுட்பக் கருவின்னு ஒரு கட்டம் இருக்குது டீச்சர். என்ன எழுதறது?"

"ஒரு ஓட்டைன்னு எழுதுங்க சார்."

அவர் 'ஒளியியல் கருவி' என்று எழுதிக்கொண்டார். கிளம்பும் முன் தொட்டித் தண்ணீரையும் போனில் பார்த்தார். மனு தள்ளுபடி ஆனது. மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, ஒரு சொட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மனு போட்டவரே ஒருநாள் வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து டீச்சர் மாற்றலாகி ஜூஜுவாடிப் பக்கம் போய்விட்டார். இப்போது எங்களுக்கு வந்திருக்கும் அறிவியல் சார் தங்கமான மனிதர். எதையும் கழற்றுவதில்லை.

போன மாதம் அத்திப்பள்ளி பஸ்ஸில் ரீஸ்டார்ட் டீச்சரைப் பார்த்தேன். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே எதன் குடலோ தெரிந்தது. மஞ்சுளா என்ன படிக்கிறாள், எச்.எம். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜூஜுவாடியில் அவர் இறங்கிக்கொண்டார். நான் இறங்க வேண்டியது அதற்கு முன்னாலேயே, சிப்காட்டில். பஸ் அங்கே நின்றது எனக்கு நன்றாகத் தெரியும்.