யாரும் கேட்காத திருத்தம்

திட்டித் தீர்த்த பிறகுதான் வேனின் செய்திப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதை ஹாரன் பார்த்தாள். எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம்.

சலவை நிறுவனத்தின் ஒன்பதாம் எண் வேனை ஓட்டுகிறவள் அவள். அடிக்கிற ஹாரனில் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், கோபம் வந்தால் வீட்டுக்காரரே அப்படித்தான் கூப்பிடுகிறார். அரை மணி நேர மதிய இடைவேளையை மேனேஜர் பன்னிரண்டு நிமிடமாக்கிய செய்தி அன்று காலையில்தான் நோட்டீஸ் போர்டில் வந்தது. பதினொரு மணிக்கு, ஓட்டல் வாசலில் அழுக்கு விரிப்பு மூட்டைகளை ஏற்றிவிட்டு வந்தவள், ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பன்னெண்டு நிமிஷத்துல கை கழுவலாம், சாப்பிட முடியுமா? மதிய இடைவேளை அரை மணி நேரம்! மேனேஜர் இல்ல, அவங்க தாத்தாவே வந்தாலும் அரை மணி நேரம்தான்!"

பெட்டி அதை 'மதிய இடைவேளை' என்று பெயரிட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

நிறுவனத்தின் நூற்றிருபது வண்டிகளிலும் மேனேஜர் பெருமையாக மாட்டிய பெட்டி அது. 'யாரைக் கேட்பது' என்ற கவலையே அதற்கு இல்லை. என்ன வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லிக் கேட்கும். பக்கத்து வண்டியில் இருந்தால் அது கொடுக்கும். இல்லையென்றால் அதற்கடுத்த வண்டியிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும். தினமும் பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பெட்டிகளும் 'மதிய இடைவேளை' எவ்வளவு என்று கேட்கும்.

மேனேஜர் காதில் விழுந்தால் ஹாரனின் வேலை போய்விடும். வீட்டில் நிரந்தரச் சம்பளம் அவளுடையது ஒன்றுதான். உடனே வயர்மேனுக்குப் போன் போட்டாள். பெட்டிகளைப் பராமரிப்பவர், மேனேஜர் இருமினாலே எழுந்து நிற்கிற சாது.

"அண்ணே, வாய் சும்மா இல்லாம உளறிட்டேன். அழிக்கணும்."

முழுவதையும் கேட்டுக்கொண்ட வயர்மேன் எதையோ தட்டுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"உங்க பெட்டியில இருக்கறதை அழிச்சிடுங்க தங்கச்சி. அப்புறம் 'மதிய இடைவேளை'ன்னு கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா பொழைச்சோம்."

அழித்தாள். அப்பாடா என்றிருந்தது. கேட்டாள்.

"பன்னெண்டு நிமிஷத்துல கை கழுவலாம்..." என்று அவள் குரலிலேயே பதில் வந்தது. முன்னால் போன ஏழாம் எண் வண்டி கொடுத்திருந்தது. ஏழாம் எண்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஐயோ! அண்ணே, நானே ஒரு மறுப்புப் பேசி விட்டுடட்டுமா?"

"தாராளமா."

'முன்பு சொன்னதை யாரும் கேட்க வேண்டாம்' என்று உருக்கமாகப் பேசி, 'மதிய இடைவேளை திருத்தம்' என்று பெயர் வைத்தாள். கால் மணி நேரமாகியும் ஒரு வண்டியும் அதைச் சீண்டவில்லை.

"பெட்டி கேட்டாத்தானே கொடுக்கும்?" என்றார் வயர்மேன். "திருத்தம் வேணும்னு யாரும்மா போய்க் கேப்பாங்க?"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பேசணும்னு ஆசைப்பட்டீங்க. சரி, அது எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியணும். மார்க்கெட் பக்கம் போய்க் கேளுங்க. அப்புறம் ரயில்வே ஸ்டேஷன். அப்படியே துறைமுகம். ஒவ்வொரு இடத்துலயும் அழிச்சிட்டு அழிச்சிட்டுக் கேக்கணும், மறந்துடாதீங்க."

மூட்டைகளோடு ஊரைச் சுற்றினாள். மார்க்கெட்டில் கேட்டாள், அவள் குரல் வந்தது. ஸ்டேஷனில் கேட்டாள், வந்தது. துறைமுகத்தில் வராது என்று நம்பினாள். முதலில் வரவில்லைதான். அரை நிமிடம் கழித்து, எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி, மேனேஜரின் தாத்தா உட்பட முழுசாக வந்து சேர்ந்தது.

மணி பன்னிரண்டு அடித்தது. துறைமுகச் சுவரோரம் ஆறு சலவை வண்டிகள் வரிசையாக ஒதுங்கி நின்றன.

முதல் வண்டிக்காரர் சர்க்கரை வியாதிக்காரர். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் ரொட்டி என்று அவர் ஓட்டும் லட்சணத்தைச் சந்திப்பில் பார்க்கும்போதெல்லாம் ஹாரனுக்குப் பகீர் என்றிருக்கும். இன்று அவர் படியில் உட்கார்ந்து, மாத்திரையைப் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக மென்றார்.

"யாரோ புண்ணியவதி பேசியிருக்காம்மா," என்றார். "குரல் மட்டும் கொஞ்சம் கர்ணகடூரம்."

ஹாரனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இதையா அழிக்க ஒரு மணி நேரமாக நாயாக அலைகிறேன்? பேசியதில் ஒரு வார்த்தையாவது தப்பா?

போன் அடித்தது. மேனேஜர்.

"எல்லா வண்டியும் நிக்குது! உடனே ஆபீஸுக்கு வாங்க!"

"வரேன் சார். பன்னெண்டரைக்குக் கிளம்பி வரேன்," என்று சொல்லிப் போனை அணைத்தாள். டப்பாவைத் திறந்து, அரை மணி நேரத்தையும் ஒரு நிமிடம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஆபீஸில் மேனேஜர் நின்றுகொண்டே கத்தினார். மூலையில் வயர்மேன் கைகட்டி நின்றார்.

"அது உங்க குரல்தானே?"

"என் குரல்தான். யோசிச்சுப் பேசல, ஆனா இப்ப யோசிச்சுட்டேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. அந்த அரை மணி நேரத்தை உங்களால தூக்க முடியுமா, அதைச் சொல்லுங்க முதல்ல."

அவள் வண்டிச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

மேனேஜர் மூலைக்குத் திரும்பினார். "என்னய்யா இது? ஆபீஸ் முத்திரை இல்லாத செய்தியை எந்தப் பெட்டியும் வாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இவங்க உளறினதை எப்படி வாங்குச்சு?"

"வாங்காதுதான் சார்," என்றார் வயர்மேன். "தங்கச்சி பேசினது அவங்க வண்டியிலேயே கிடந்துச்சு. போன் வந்ததும் முத்திரையைப் போட்டு, ஏழாம் எண் பெட்டியை அதைக் கேக்க வெச்சதும் நான்தான். சாப்பிடறப்ப தொந்தரவா இருக்குன்னு அந்த வேலையை நீங்கதானே என்கிட்ட தள்ளிவிட்டீங்க?"

மேனேஜர் பொத்தென்று உட்கார்ந்தார். ஹாரன் வாயைப் பிளந்தாள்.

"அப்ப... என்னை ஊரெல்லாம் அலைய விட்டது?"

வயர்மேன் கட்டியிருந்த கையை முதல் முறையாக அவிழ்த்தார்.

"ஒருத்தர் கேட்டாத்தான் அது கைமாறி வரும், வர்ற வழியில இருக்கிற வண்டியிலெல்லாம் ஒரு நகல் தங்கும், பன்னெண்டு மணிக்குள்ள நூத்திருபது வண்டிக்கும் போய்ச் சேரணுமே தங்கச்சி, அதான் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கச் சொன்னேன்."