வெறும் காக்கா

இந்த முறை பின்கட்டு அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று இங்கிலீஷ் வாத்தியார் முடிவெடுத்தார். தலையே போனாலும் சரி.

அந்த அறை ஒன்றும் அரண்மனை அல்ல. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். டுடோரியலில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வருகிற மனிதர், சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் பக்கத்தில் உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் பாதி இலை காலி.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஓய்வெடுக்க வருகிறார். எந்த அறைக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

நேருக்கு நேர் முடியாது என்று சொல்ல வாத்தியாருக்குத் தைரியம் கிடையாது. ஆனால் வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்தது. பயண ஏற்பாட்டுக்காக மனைவி வீட்டார் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். "அத்தான்தானே இங்கிலீஷ் வாத்தியார், அவரே நல்லதா ஒரு பேர் வைக்கட்டும்" என்று மச்சினன் எழுதியிருந்தான்.

வாத்தியார் வைத்தார். 'எ மர்டர் ஆஃப் க்ரோஸ்.'

மனைவி போனோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இது என்ன பேரு?"

"இங்கிலீஷ்ல ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை இருக்கு. சிங்கம்னா ப்ரைடு. ஆந்தைன்னா பார்லிமென்ட். காக்கா கூட்டத்துக்கு மர்டர்."

"மர்டர்னா கொலை இல்ல?"

"நானா வச்சேன்? வெள்ளைக்காரன் வச்சது."

"சிங்கத்தை விட்டுட்டு காக்காவைப் பிடிச்சீங்களாக்கும்?"

"டக்குனு அதான் வாயில வந்துச்சு."

"அம்மா அர்த்தம் கேட்டா?"

"உள்ளதைச் சொல்லு. மறைக்காதே."

மறைக்கக் கூடாது என்பதுதானே திட்டமே. மாமியாரின் ரோஷம் ஊரறிந்தது. இன்னொரு கப் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை என்பதற்காக வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனவர். காக்கா, கொலை என்று காதில் விழுந்தால் இந்த வாசப்படி மிதிப்பாரா? பெரிய மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

மனைவி ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஜெயித்துவிட்டார். அதைச் சொல்லிச் சந்தோஷப்படத்தான் ஆள் இல்லை. அது கொஞ்சம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமியார், பெரிய மகள், அவள் கணவர், மச்சினன், அவன் குடும்பம், நனைந்த பெட்டிகள், ஒரு தொட்டில்.

மாமியார் கண் கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னவ சொன்னா மாப்பிள்ளை. காக்கா ஒண்ணு கத்துனா மத்ததெல்லாம் ஓடி வந்துடும், நாமளும் அப்படித்தான் இருக்கணும்னு சொன்னீங்களாமே. எங்க மேல இவ்வளவு பாசமா? நான் ஒருத்தி மட்டும் வந்தா உங்க மனசு நோகாதா? அதான் எல்லாரும் கிளம்பிட்டோம்."

வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் பின்கட்டு அறையில் தொட்டில் ஏறிவிட்டது. அவர் நாற்காலியில் மாமியார் காலை நீட்டிக்கொண்டார்.

சமையலறையில் மனைவியைத் தனியாகப் பிடித்தார்.

"கொலைன்னு சொன்னியா இல்லியா?"

"வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அதையெல்லாம் சொல்லுவாங்களா?"

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ரூம்தான்டி." குரல் உண்மையாகவே உடைந்தது.

அவள் பாயையும் தலையணையையும் அவர் கையில் வைத்தாள்.

"ஆமா, கூட்டமா இருந்தா மர்டர். ஒத்தையா இருந்தா அதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"அதுக்குத் தனி வார்த்தை கிடையாது. வெறும் காக்காதான்."

"வெறும் காக்காவுக்குத் தனி ரூம் எதுக்கு? ஹால்ல என் தம்பி பக்கத்துல ஒண்டிப் படுங்க."