ஐம்பது வருஷத்துப் பேட்டரி

செத்தாலும் மச்சினன் சின்னையாவின் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது தம்புசாமியின் வைராக்கியம். கிள்ளானில் நடந்த தன் வீட்டுக் கல்யாணத்தில் ஊரையே போட்டோவுக்குக் கூப்பிட்ட சின்னையா, இவரை மட்டும் மறந்துவிட்டான். மறந்தானாம்! இவ்வளவு பெரிய தொப்பையையா?

இந்த வைராக்கியத்துக்குத் துணை நின்றது காதில் மாட்டும் கருவி. மனைவி புனிதா "தம்பி வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தால் போதும், காதைத் தட்டுவார்.

"பேட்டரி போச்சு புனிதா. ஒண்ணும் கேக்கல."

"சாப்பிட வாங்க" என்றால் மட்டும் பேட்டரிக்கு உயிர் வந்துவிடும்.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் சாலையோர ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது கைப்பேசியில் ஒரு செய்தி பார்த்தார். அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அணு பேட்டரியாம் புனிதா! சட்டை பட்டன் அளவுதான். அம்பது வருஷத்துக்கு மாத்தவே வேணாமாம். சீனாக்காரன் செஞ்சிட்டான் லா!"

"அம்பது வருஷமா?" புனிதாவின் முகம் மலர்ந்தது.

அடுத்த வாரமே அவர் காதில் கருவியை மாட்டிவிட்டாள்.

"அந்தப் பேட்டரிய ஆன்லைன்ல வாங்கிப் போட்டுட்டேன். இனி நீங்க போனாலும் அது போகாது. கேக்குதா?"

"கணீர்னு கேக்குது!"

"தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்குப் போறோம். அதுவும் கேக்குதா?"

கை தானாகக் காதுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"கேக்குது" என்றார் பரிதாபமாக.

சின்னையா வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் தன் காதின் பெருமையைப் பேசினார். முறுக்கைக் கடித்தபோது காதுக்குள் 'பீப்' என்றது. பிறகு உலகமே ஊமை. எதிரே சின்னையாவின் வாய் மட்டும் அசைந்தது.

பேட்டரி போச்சு என்று எந்த வாயால் சொல்வது? தலையாட்டினார். சின்னையா கண் கலங்கிக் கட்டிக்கொண்டான். மன்னிப்புக் கேட்கிறான் போல! தம்புசாமி இன்னும் தாராளமாகத் தலையாட்டினார்.

வெற்றி வீரனாக முதலில் போய்க் காரில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பக்கத்தில் ஏறிய புனிதா, கைப்பையிலிருந்து புதுப் பேட்டரி எடுத்து மாட்டினாள்.

"அணு பேட்டரின்னு சொன்னதும் இதுவும் சாதா பேட்டரிதாங்க. காலையில வேணும்னே பழசப் போட்டேன்."

"அடிப்பாவி! சரி, உன் தம்பி நல்லா மன்னிப்புக் கேட்டானா?"

"மன்னிப்பா? வீட்ட இடிச்சுக் கட்டப் போறானாம். முடியிற வரைக்கும் நம்ம வீட்ல தங்கலாமான்னு கேட்டான். நீங்கதான் அப்படித் தலையாட்டுனீங்களே!"

தம்புசாமி வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"மச்சான், ஏர்கான கொஞ்சம் கூட்டி வைங்க லா!"