அறுபதில் நின்ற முள்

வாழ்க மருந்துக்கடை வேந்தன்! துளியும் சிந்தாது சிரப் அளக்கும் செங்கையன், மாத்திரை எண்ணுகையில் மறந்தும் மயங்கா மதியினன், மருத்துவர்தம் கிறுக்கெழுத்தைக் கண்ட கணத்தே படித்துவிடும் கழுகுக்கண்ணன், அளவென்னும் அறத்தை உயிரினும் மேலாய்ப் போற்றிய அப்பெருமகன், தன் காரின் வேகமுள்ளோடு பொருத பெரும்போரைப் பாடத் தொடங்குகிறேன். சொல்லே, துணை நில். சிரிப்பே, சற்றுத் தள்ளி நில்.

அவன் பட்டத்தரசியோ, ஊசிமுனை ஒன்றாலேயே மார்தட்டும் மல்லரையும் கண்மூடச் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கூடத்து வீராங்கனை. வீட்டுக்கும் கூடத்துக்கும் இடையே புறவழிச்சாலையில் முப்பது கிலோமீட்டர். நாள்தோறும் காலை ஏழரைக்குத் தேரேறி, சட்டம் விதித்த அறுபதில் முள்ளை மலையென அசையாது நிறுத்தி, எட்டு மணிக்கு அவளை வாசலில் இறக்கிவிடுவதே வேந்தன் பூண்ட விரதம். ஆயினும் எட்டு மாதமாக அவள் எட்டு மணி மூன்று நிமிடத்துக்குத்தான் படியேறினாள், அதுவும் ஓட்டமும் நடையுமாக. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஆயிரம் அம்பினும் கூரிய அம்மௌனம் சென்ற வாரம் எச்சரிக்கைக் கடிதமாக உருவெடுத்தது.

"மீட்டர் பொய் சொல்லுதுங்க," என்றாள் அரசி.

"அளவு விஷயத்துல என்கிட்டயேவா? நீ செருப்பு மாட்டுறதுக்குள்ள மூணு நிமிஷம் போயிடுது," என்றான் வேந்தன்.

அப்போது அவள் முழங்கினாள்: "ஞாயித்துக்கிழமை அளந்து பாத்துடலாம். மீட்டர் சரின்னா, நான் அஞ்சு மணிக்கே எழுந்துக்கறேன். பொய்யின்னா, இனிமே வண்டிய நான்தான் ஓட்டுவேன்!"

அந்தோ, ஓட்டுநர் இருக்கை! பதினைந்தாண்டாய்ப் பிறர் அமர்ந்தறியாத அரியணை, அவன் முதுகின் வளைவையே தன் வடிவாய் ஏற்றுக்கொண்ட பஞ்சாசனம், அதையா பணயம் வைப்பது? வேந்தன் நெஞ்சு ஒரு கணம் நடுங்கி, மறுகணம் நிமிர்ந்தது. "ஆகட்டும்!" என்றான்.

ஞாயிறு புலர்ந்தது. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரு படைத்தலைவர்போல் எதிரெதிர் நின்றன இரு சாலைக்கற்கள். அறுபது வேகத்தில் அவ்விடைவெளியைக் கடக்க அறுபது விநாடி. எதிரியும் மறுக்கவியலாக் கணக்கு இது. எஞ்சின் உறும, கண்ணாடி அதிர, பின்வந்த லாரிகள் பொறுமையிழந்து சங்கம் முழக்க, முள்ளை அறுபதில் அறைந்து நிறுத்திய வேந்தன் முதற்கல்லைப் புயலெனக் கடந்தான். அரசி தன் கைபேசியின் கடிகாரத்தை அழுத்தினாள். இரண்டாம் கல் வந்தது.

"அறுபத்தாறு."

"உன் கட்டைவிரல் மந்தம்!" என்று கர்ஜித்துத் தேரைத் திருப்பினான். இரண்டாம் ஓட்டம்: அறுபத்தாறு. "நீ கல்லப் பாக்கல, என்னப் பாத்துட்டு இருந்த!" என்றான்.

"அப்ப நீங்களே அளந்துக்குங்க. நான் ஓட்டுறேன்," என்று அவள் இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

மூன்றாம் ஓட்டத்தில் முள் அறுபதை விட்டு மயிரிழையும் விலகவில்லை. வேந்தனின் விரலும் நடுங்கவில்லை. அறுபத்தாறு. கிலோமீட்டருக்கு ஆறு விநாடி, முப்பதுக்கு நூற்றெண்பது, சரியாக மூன்று நிமிடம். அவன் மறுபடி பெருக்கிப் பார்த்தான். விடை மாறவில்லை. எட்டு மாதமாக அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஓடியது அவன் கண்முன் வந்தது. கைபேசியை அவளிடம் திருப்பி நீட்டினான்.

"நீ செருப்பு சீக்கிரமாத்தான் மாட்டுற," என்றான்.

அன்று மாலை, கிரீஸ் படிந்த கரத்தோனாகிய மெக்கானிக் தேரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து டயரைத் தட்டினார். "இத எப்ப சார் மாத்துனீங்க? சைஸ் சின்னது. சின்ன சக்கரம் அதிகமா சுத்தும். முள்ளு அத வேகம்னு நெனச்சுக்கும்."

எட்டு மாதத்துக்கு முன், சரியான டயர் வர ஒருநாள் காத்திருக்கச் சொன்ன கடைக்காரரிடம், "கொஞ்சம் சின்னதா இருந்தா என்ன, இருக்கறதப் போடுங்க" என்று கட்டளையிட்டவன், துளி சிந்தாச் செங்கையனாகிய நம் வேந்தனே! அரசி அவனைப் பார்த்தாள். அவன் மேற்கூரையைப் பார்த்தான்.

உரிய டயர்கள் ஏறின. மீண்டும் கற்களுக்கிடையே ஓடிப் பார்த்தபோது அறுபத்திரண்டு. "அந்த ரெண்டு செகண்ட் கம்பெனியே வேணும்னு வெக்கிறது சார். உள்ளத விட கூட்டித்தான் காட்டும், நாம மெதுவா போகணும்னு," என்றார் மெக்கானிக். வேந்தன் மார்பு மீண்டும் விரிந்தது. "முள் திருந்தியது! பழி நீங்கியது! இனி அரியணை பழைய அரசனுக்கே..." என்று அவன் பிரகடனத்தைத் தொடங்கிய அளவில், எதிரே ஓர் உள்ளங்கை நீண்டது. பேச்சின்றி, சினமின்றி, சற்றும் அசையாமல் நீண்ட அக்கரத்தின்முன் எப்படையும் நில்லாது. சாவி கைமாறியது.

மறுநாள் காலை அவள் காரை ஓட்டினாள். பாதி வழியிலேயே பக்கத்து இருக்கையில் அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.