நிராகரிக்க ஒரு தாள்கூடத் தரவில்லை

மதிப்பும் அன்பும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கும் அப்படியே என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதத் துணிகிறேன். பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர் என்ற முறையில் இதை என் ராஜினாமாவாகவும், என் மனைவிக்கு அண்ணன் என்ற முறையில் ஒரு புகாராகவும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மொழியாசிரியை பிரசவ விடுப்பில் போனதும், "ரிட்டயர் ஆகி வீட்ல சும்மாதானே இருக்கீங்க, ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லிக் குடுங்க, படிக்கிறவரைச் சம்மதிக்க வைக்கிற மாதிரி எழுதறதுதான் இந்தப் பருவத்துப் பாடம்" என்று என்னைக் கிளப்பிவிட்டது நீங்கள்தான். பணிக்காலம் முழுக்க அலுவலகத்தில் மனுக்களை நிராகரிக்கும் நாற்காலியில் இருந்தவரையா அனுப்புகிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டாராம். எப்படி எழுதினால் காரியம் நடக்காது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்றீர்களாம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் எல்லோரும் மரம் வளர்ப்பதன் நன்மை பற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். இந்த வகுப்பில் மரத்துக்கு விரோதி யார் என்று கேட்டேன், ஒருவரும் கை தூக்கவில்லை. எதிர்க்க ஆளில்லாததற்குக் கட்டுரை எதற்கு, உங்களுக்கு நிஜமாகவே வேண்டிய ஒன்றை, முடியாது என்று சொல்லக்கூடிய ஓர் ஆளிடம் கேளுங்கள், அந்த ஆள் நான்தான் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது இடமாற்றம். எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் இசை வகுப்பு. நான் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது அங்கே மேளம் ஆரம்பிக்கும், மீதிப் பாதியை நான் கையால்தான் சொல்ல வேண்டும். ஆகவே வகுப்பை மூன்றாவது மாடியில் உள்ள நூலகத்துக்கு மாற்ற வேண்டும் என்று என்னைச் சம்மதிக்க வைப்பதே பயிற்சி ஆனது.

மச்சான், நான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். படிக்கிறவன் மறுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு வசதி செய்துகொடுக்காதீர்கள் என்றேன். வேண்டியதை முதல் வரியிலேயே கேளுங்கள், கடைசிப் பக்கம்வரை அவன் வரமாட்டான் என்றேன். அவன் சொல்லப்போகிற ஆட்சேபணையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லி, அதில் நியாயம் இருக்கிறவரைக்கும் ஒத்துக்கொண்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள் என்றேன். பத்துச் சொத்தைக் காரணத்துக்கு ஒரு நல்ல காரணம் மேல் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கிறவன் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை.

பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். நூலகம் அமைதி என்றார்கள், மற்ற வகுப்புகளுக்கு இடைஞ்சல் என்று நிராகரித்தேன். மற்ற வகுப்பு எதுவும் அந்த நேரத்தில் வருவதில்லை என்று கால அட்டவணையைக் காட்டினார்கள், முன்னுதாரணம் இல்லை என்று நிராகரித்தேன். போன வருடமே ஒரு வகுப்பு நடந்திருக்கிறது என்றார்கள், அது தவறான முன்னுதாரணம் என்று நிராகரித்தேன். பழைய சுறுசுறுப்பு உடம்பில் வந்துவிட்டது. வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கும் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்றே பெயர். "சார், இதுவரைக்கும் யாராவது உங்களைச் சம்மதிக்க வச்சிருக்காங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

இந்த வாரம் வகுப்புக்குப் போனால் அறை காலி. என் நாற்காலியைக்கூடக் காணோம். அலுவலக உதவியாளர் மட்டும் கையில் சாவியோடு நின்று, "உங்களை லிஃப்ட்ல கூட்டிட்டு வரச் சொன்னாங்க சார், முட்டிவலியாமே" என்றார். என் முட்டிவலியைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை, மச்சான். படியேற முடியாததுதான் நிஜக் காரணம் என்று வெளியே சொல்ல முடியுமா? மேலே போனால் நூலகத்தில் மொத்த வகுப்பும் உட்கார்ந்திருக்கிறது, என் நாற்காலி சன்னலோரம். உட்கார்ந்து, கட்டுரை எங்கே என்று கேட்டேன்.

"எழுதல சார்," என்றாள் கேள்விக்குறி. "படிக்கிறவரை விசாரிக்கச் சொன்னீங்கல்ல, உங்க வீட்டுக்குப் போய் மேடத்தைக் கேட்டேன். அவர் சொல்ற காரணத்துக்குப் பதில் சொல்லாதே, அவருக்கு முட்டிவலி, அதுக்கு வழி பண்ணுன்னாங்க. அப்புறம், அவர்கிட்ட எதையும் கேக்காதே, செஞ்சிட்டுச் சொல்லு, நான் அப்படித்தான் குடும்பம் நடத்தறேன்னாங்க."

நிராகரிக்கலாம் என்றால் கையில் தாள் இல்லை.

நேராக வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம், அப்படி என்னத்தைச் செய்துவிட்டுச் சொன்னாய் என்று கேட்டேன். "சிலதைச் சொல்லவேயில்ல," என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே. நம் வீட்டுக்கு வந்து பால் குடிக்கிறதே, பக்கத்து வீட்டுப் பூனை, அது நம் பூனையாம். பக்கத்து வீட்டில் பூனையே கிடையாதாம். பூனை வேண்டாம் என்று நான் தீர்ப்பளித்த வாரமே வந்ததாம். எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்து கட்டோடு வீடு திரும்பினேனே, அன்றைக்கு வாடகைக் கார் ஓட்டுநர் பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுகிறார் என்று வழியெல்லாம் பாராட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டியது உங்கள் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னபோதே அவளிடம் உரிமம் இருந்ததாம். "பின்னே ஏன் கேட்டே?" என்றேன். "பேச்சுவாக்கில சொல்லிடலாமேன்னுதான். நீங்க வேண்டாம்னதும் விட்டுட்டேன்," என்றாள். எதை விட்டாள், சொல்வதைத்தானே விட்டாள்?

"என்கிட்ட முறையா கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காகக் கேக்காம இருந்துடறதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்குக் கேக்கணும்னு ஆசைதாங்க," என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன். பூனை வாசலில் படுத்திருந்தது. அது நம் பூனை என்று தெரிந்த பிறகு விரட்டவும் கை வரவில்லை, கூப்பிடலாம் என்றால் பெயரும் தெரியவில்லை.

ஆகவே மச்சான், தன் வீட்டிலேயே மனு வாங்க முடியாத ஒருவன் மனு எழுதக் கற்றுக்கொடுப்பது முறையல்ல. மறுநாள் வகுப்பிலும் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இது என் இறுதி முடிவு. இதை மாற்ற யார் வந்து பேசினாலும் பயனில்லை. உங்கள் தங்கையிடமும் நீங்கள் ஒரு வார்த்தை அண்ணனாகக் கண்டித்துச் சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு. இதை உறையில் போடும்போது கேள்விக்குறி வந்தாள். ‘எங்கள் ஆசிரியர் ஏன் போகக்கூடாது’ என்று கட்டுரை, முறையாக, தாளில். படித்துப் பார்த்தேன். "பண்டைக் காலம் தொட்டே" என்று ஆரம்பிக்கிறது. காரணங்கள் பத்து, பத்தும் சொத்தை. ஆட்சேபணை ஒன்றுக்கும் பதில் இல்லை. என்ன வேண்டும் என்பது நான்காம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் இவ்வளவு மோசமாக எப்படி எழுதினாள் என்று புரியவில்லை. உங்கள் தங்கை வேறு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். நான் அந்தக் கட்டுரையை முற்றாக நிராகரித்துவிட்டேன். எங்கெங்கே தப்பு என்று சொல்லிக் கொடுத்துத் திருத்தி எழுதவைக்க வேண்டியிருப்பதால், திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். லிஃப்ட் சாவிக்குச் சொல்லிவிடவும்.