மனசுக்கு எத்தனை ஜி.எஸ்.எம்.?

திருப்பூர் அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இல்லை. ஆனாலும் கார் நிறுத்த இடமில்லை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். உள்ளே போனதும் வைஃபை பாஸ்வேர்டு எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள். பக்தி எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்!

வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே தூக்கம் வராமல் புரளுகிறவர்கள். அவர்களைக் காப்பாற்ற அவதரித்தவர் மனயோகி கவின்ஜி. அவர் கையில் இருந்தது நிம்மதி ஆப். நம் ஊரில் யாரும் 'ஆப்' என்று சொல்வதில்லை, 'ஆப்பு' என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஊர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அப்பாவோ அம்மாவோ செல்போன் கேமராவின் மேல் கட்டை விரலை வைக்க வேண்டும். விளக்கு எரியும், சங்கு ஊதும். உடனே ரத்த பந்தத்தின் வழியாகக் கடல் தாண்டி இருக்கிற பிள்ளையின் மனபாரம் திரையில் தெரியும். எதில் தெரியும்? ஜி.எஸ்.எம்.மில்!

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். திருப்பூரில் தொட்டில் பிள்ளை தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரியும். கவின்ஜிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யோகி ஆவதற்கு முன்னால் அவர் துணி புரோக்கர்.

"கவலை புடிச்ச மனசு எரநூத்தி எம்பது. குளிருக்குப் போடற பிளீஸ் துணியாட்டக் கனமா இருக்குமுங்க. நிம்மதியான மனசு நூத்தி நாப்பது. பனியன் தைக்கற சிங்கிள் ஜெர்சிங்க!" என்றார் மைக்கில்.

மண்டபம் கைதட்டியது. பிரஷர், சுகர் என்று சொல்லியிருந்தால் யாராவது ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பார்கள். ஜி.எஸ்.எம். என்றதும் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தலையாட்டினார்கள்.

முன்வரிசையில் நாச்சிமுத்துவும் ஜெயசுதாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் பகுதியில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிற தம்பதி. ஒரே மகள் வர்ஷினி அயர்லாந்தில், டப்ளினில் படிக்கிறாள். போன புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். குளிர் வந்தது, நாலரை மணிக்கே இருட்டியது, கூடத் தங்கியிருந்த பெண்ணும் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். வர்ஷினிக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடும் இறங்கவில்லை.

கெட்டிக்காரப் பெண். காலேஜ் கொடுத்த ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டாள். மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் அதில் எழுதலாம். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும். ரொம்ப முடியவில்லை என்றால் ஒரு பட்டனை அழுத்திக் காலேஜ் ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கலாம். அவள் நேரமும் வாங்கிவிட்டாள். இதை வீட்டில் சொன்னதுதான் அவள் செய்த ஒரே தவறு.

பெற்றவர்கள் ஓடிப்போய்ச் சொன்னதும் கவின்ஜி பதறிப் போனார். "வெள்ளைக்காரன் ஆப்பு நம்ம மனசுக்கு ஆகாதுங்க. அலை மோதிக்கும். பொண்ண அத அழிக்கச் சொல்லிப்போடுங்க. நாப்பத்தெட்டு நாளைக்கு நீங்களும் போன்ல பேசப்படாது. காலைல ஒரு பூப்படம் மட்டும் அனுப்புங்க. காரணத்தச் சொன்னாப் பலிக்காதுங்க."

மகள் ஆப்பை அழித்தாள். ஆலோசகரைப் பார்ப்பதையும் ரத்து செய்தாள். பெற்றவர்கள் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். அவளிடமிருந்து போன் வரும்போதெல்லாம் ஜெயசுதா அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு அழுதாள். எனக்கு இங்கேதான் வயிறு எரிகிறது. ஏமாற்றுகிறவன் காசோடு நிறுத்திக்கொண்டால் போகட்டும் என்று விடலாம். இவன் தாயையும் மகளையும் பேசவிடாமல் செய்துவிட்டான்.

மண்டபத்தில் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்பதாம் நாள். அதற்குள் காசு கட்டி எடுத்த சில்வர் பேக்கில் இருநூற்றெண்பது இருநூற்றுப் பத்தானது. கோல்டு பேக்கில் நூற்றெழுபதானது. பிளாட்டினம் போட்டுவிட்டு நாச்சிமுத்து அன்று விரலை வைத்தார். நூற்று நாற்பது! மேடைத் திரையில் பச்சைத் தாமரை விரிந்தது. 'உங்கள் மகள் பேரானந்தத்தில் இருக்கிறார்' என்று எழுத்து ஓடியது. ஜெயசுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தேங்காய், பழப் பையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள் சித்ராதேவி. விளாத்திகுளத்துக்காரி. நாச்சிமுத்துவின் கம்பெனிக்கு வருகிற துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து ஜி.எஸ்.எம். பார்ப்பது பதினொரு வருஷமாக அவள் வேலை. வர்ஷினி ஸ்கூல் பையோடு கம்பெனிக்கு வந்த காலத்திலிருந்து அவளைத் தெரியும்.

"மொதலாளி, தராசுல துணிய வைக்கதுக்கு முன்னாடி நாம என்ன பாப்போம்?"

"வெறுந்தட்டு சைபர் காட்டுதான்னு பாப்போம். ஏன்?"

"இதுல பாத்தீயளா?"

நாச்சிமுத்து தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார்.

சித்ராதேவி விறுவிறுவென்று மேடை ஏறினாள். கைப்பையில் கிடந்த சிவப்புத் துணி வட்டம் ஒன்றை எடுத்து அங்கிருந்த கவின்ஜியின் செல்போன் கேமராவின் மேல் வைத்தாள். விளக்கு எரிந்தது, சங்கும் ஊதியது. இருநூற்று நாற்பத்து மூன்று! 'உங்கள் பிள்ளை அயல்நாட்டில் தனிமையில் வாடுகிறார். உடனே சில்வர் பேக் எடுங்கள்' என்றது ஆப்.

"ஏங்கய்யா, பனியன் துணிக்கு எந்த ஊர்ல பிள்ள படிக்கி?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவின்ஜி அசரவில்லை. "அது எக்ஸ்போர்ட் துணிங்க அம்மிணி. வெளிநாட்டுத் தொடர்பு இருக்கத்தானுங்க செய்யும்?"

இதற்கும் நாலு தலைகள் ஆடின. அந்த நாலு பேரும் படித்தவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"சரி, அதே துணிய மறுபடி வைக்கேன்." நூற்று எழுபத்தொன்று. இன்னொரு தடவை வைத்தாள். இருநூற்று அறுபத்தாறு. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "துணி ஒண்ணுதான், நம்பரு மூணு. நம்ம கம்பெனித் தராசு இப்படிக் காட்டுனா வச்சுக்கிடுவீயளா, தூக்கி எறிவீயளா?"

மண்டபம் நிறைய பனியன்காரர்கள். இந்தக் கேள்விக்கு அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் பன்னீர் ஈரத்தைச் சட்டையில் துடைத்தார்.

"நம்பிக்கையில்லாத கை பட்டா அலை கெட்டுப்போயிருமுங்க!" என்று கத்தியபடி கவின்ஜி பழைய தாமரையை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். "நாச்சிமுத்து சார் நம்பரப் பாருங்க. நூத்தி நாப்பது! பொண்ணு இந்த நிமிசம் சந்தோசமா இருக்குதுங்க."

"சந்தோசமாத்தான இருக்கு? அப்ப போனப் போட்டுக் கேட்டுருவோம்."

"அய்யய்யோ, மண்டலம் முடியலீங்க! பேசுனா பொண்ணு உசுருக்கே ஆகாதுங்க!"

நாச்சிமுத்து எடுத்த போனை மறுபடி சட்டைப் பைக்குள் போடப் போனார். ஜெயசுதா அவரிடமிருந்து போனைப் பிடுங்கி மகளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, அந்தப் பக்கம் வர்ஷினி எடுத்துவிட்டாள்.

"அம்மா... நான் என்னங்கம்மா தப்புப் பண்ணுனேன்? சொல்லிருங்கம்மா. இருபத்தொம்பது நாளா வெறும் பூவ மட்டும் அனுப்பறீங்க."

மேடையில் பச்சைத் தாமரை விரிந்தபடியே இருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலீடா கண்ணு, நாங்கதான்..." ஜெயசுதா போனைக் கணவர் பக்கம் நீட்டினாள்.

நாச்சிமுத்து குனிந்து கேட்டார். "தூங்கி எத்தன நாளாச்சு அம்மிணி?"

"தெரியலீங்கப்பா. பேசறதுக்கு யாருமே இல்லீங்கப்பா."

அவ்வளவுதான். அப்புறம் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குச் செல்போனை எடுத்துப் பிள்ளைகளை அழைக்கத் தொடங்கினார்கள். மெல்பர்ன் எடுத்தது, டொராண்டோ தூக்கக் கலக்கத்தில் "என்னாச்சுங்கம்மா?" என்று அலறியது. கவின்ஜி சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். அங்கே நாலு அப்பாக்கள் நின்றார்கள்.

"நம்பரு அதுபாட்டுக்குக் குலுக்கல்ல வருமுங்க. பேக் போட்டாக் கொறையற மாதிரி செட்டிங் பண்ணிருக்குதுங்க" என்றார். 'ஜி' காணாமல் போய் வெறும் கவின் பேசினான். போலீஸ் வந்து அழைத்துப் போனது.

வர்ஷினி காலேஜ் ஆப்பை மறுபடி போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஆலோசகரைப் பார்க்கப் போகிறாள். அந்த ஆப்பும் மந்திரம் இல்லை. மூச்சை இழுத்து விடு என்கிறது, முடியாவிட்டால் ஒரு மனுஷியிடம் போ என்று வழி காட்டுகிறது. மனசை எடை போட்டுத் தருவதாக அது சொல்லவே இல்லை. ஜெயசுதா தினமும் பேசுகிறாள். பூப்படம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மகள் உத்தரவு போட்டிருக்கிறாள்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தாலும் மொத்த லாட்டையே திருப்பி அனுப்புகிற ஊர் இது. கழுத்துப்பட்டியில் ஒரு நூல் பிசிறினால் தாங்காது. ஆனால் பெற்ற பிள்ளையின் மனசைப் பற்றி ஒருத்தன் சொன்ன நம்பரைச் செக்கிங்கே இல்லாமல் பாஸ் பண்ணிவிட்டது. ஐயா, அம்மா, பனியனைத்தான் தினமும் செக்கிங் டேபிளில் விரித்துப் பார்க்கிறீர்களே, அந்த மூளையையும் ஒரு தடவை விரித்துப் பார்த்தால் என்ன?